விடைக்குறிப்பில் இல்லாத விடை

ஒரு கணக்குக்குச் சரியான விடையை ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்களில் எழுதலாம் என்பது கணிதத்திற்குத் தெரிந்து பல தலைமுறைகள் ஆகின்றன. பொதுத்தேர்வு மதிப்பீட்டு இயக்ககத்திற்கு அச்செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. ஒருவேளை சேர்ந்திருக்கலாம், உள்வரவுப் பதிவேட்டில் அதற்கு எண் இடப்படவில்லை. எண் இடப்படாத எதுவும் அங்கே வந்ததாகக் கொள்ளப்படுவதில்லை.

அவ்வியக்ககத்தின் முதல் சாளரத்தின் முன்னே, ஒரு திங்கட்கிழமைக் காலையில் எடைமேடைக்காரர் ஒருவர் நின்றார். நகர எல்லையில் சரக்கு லாரிகளை நிறுத்தி எடை பார்க்கும் இரும்பு மேடையில் பத்தொன்பது ஆண்டுகளாக வேலை செய்பவர். அவர் கையில் மகளுடைய கணித விடைத்தாளின் நகல் இருந்தது. அதன் பதினேழாம் பக்கத்தில், மூன்று வரி விடை ஒன்றின் பக்கத்தில், சிவப்பு மையால் ஒரு பூச்சியம் வரையப்பட்டிருந்தது. வரைந்தவர் அதை மிக வட்டமாக வரைந்திருந்தார். அவசரப்பட்டார் என்று யாரும் சொல்ல முடியாது.

மகள் கணிதத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று வாங்கியிருந்தாள். வேறு எந்த வீட்டிலும் அதற்கு இனிப்பு வாங்கியிருப்பார்கள். ஆனால் அவள் பாலங்கள் கட்டும் படிப்பைப் படிக்க விரும்பினாள். சிறு வயதில் அப்பாவின் எடைச்சாவடியில் உட்கார்ந்து லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவள், "நீங்க எடை பார்த்து அனுப்பிடறீங்க. அதுக்கப்புறம் தாங்குமா தாங்காதான்னு பாலம் யாரைப்பா கேட்கும்?" என்று கேட்டாள். அப்பாவுக்கு விடை தெரியவில்லை. அன்றுமுதல் அவளே அந்த விடையைத் தேடிக்கொண்டிருந்தாள். அப்படிப்பை நடத்துவது ஒரே ஒரு கல்லூரி. அதில் முப்பது இடங்கள். அவ்வாண்டு முப்பதாவது இடத்தில் நின்றவரின் கணித மதிப்பெண் தொண்ணூற்றைந்து. பட்டியல் அம்மாத இறுதி நாளில் மூடப்படும். பூச்சியம் பெற்ற வினாவுக்கு ஐந்து மதிப்பெண்கள். எடைமேடைக்காரருக்குக் கூட்டல் நன்றாக வரும்.

வினா இதுதான்: sin x cos x என்பதன் தொகையீட்டைக் காண்க.

தொகையிடல் என்பது வகையிடலுக்கு எதிர்ச்செயல். வந்த வழியே திரும்பிச் செல்வது. தெருவரைக்கும் திரும்பிவிடலாம், எந்த வீட்டிலிருந்து புறப்பட்டோம் என்பதுமட்டும் நினைவில் இராது. அதனால்தான் ஒவ்வொரு விடையின் இறுதியிலும் 'கூட்டல் மாறிலி' என்று ஓர் எழுத்தைச் சேர்க்கிறார்கள். அம்மாறிலி எந்த எண்ணாகவும் இருக்கலாம். ஆகவே, ஓர் எண்ணளவு மட்டும் வேறுபடும் இரண்டு விடைகள் இரண்டல்ல; ஒன்றே. இது மாணவர்க்குக் காட்டப்படும் சலுகை அன்று. தொகை நுண்கணிதத்தின் அடிப்படை.

மகள் சைனை வேறோர் எழுத்தாகப் பிரதியிட்டு, மூன்றே வரிகளில், 'சைன் இருபடியின் பாதி, கூட்டல் மாறிலி' என்று முடித்திருந்தாள். இயக்ககத்தின் விடைக்குறிப்போ இரட்டைக்கோண வாய்பாட்டின் வழியே சுற்றிச் சென்று, 'கோசைன் இரட்டைக்கோணத்தில் நான்கில் ஒரு பங்கு, முன்னே கழித்தல் குறி, பின்னே கூட்டல் மாறிலி' என்று முடிந்திருந்தது. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள வேறுபாடு எப்போதும், எங்கும், சரியாக நான்கில் ஒன்று. அதை விழுங்குவதற்கே மாறிலி அங்கே நிற்கிறது. விடைத்தாளைத் திருத்தியவர் இரண்டு வரிகளையும் பார்த்தார், ஒன்றுபோல் இல்லை என்று கண்டார், வட்டத்தை வரைந்தார்.

"என்னங்க வேணும்?" என்றார் சாளரத்து எழுத்தர்.

"என் பொண்ணு எழுதின விடை சரியா இருக்கு சார். பூஜ்யம் போட்டுட்டாங்க."

"மறுகூட்டல் படிவம் எடுத்துக்கோங்க. பச்சை நிறம்."

"கூட்டல்ல தப்பு இல்ல சார். விடைக்குத்தான்…"

"விடை சரியா தப்பான்னு இங்க பார்க்க மாட்டாங்க. கூட்டினது சரியான்னுதான் பார்ப்பாங்க."

"அப்போ விடை சரியான்னு யார் சார் பார்ப்பாங்க?"

எழுத்தர் பேனாவைக் கீழே வைத்தார். அக்கேள்வியை அவரிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை என்பது தெரிந்தது. சற்று யோசித்து, "அதை எழுதறவங்கதான் பார்த்து எழுதணும்" என்றார்.

"பார்த்துத்தான் சார் எழுதியிருக்கா. சரியா எழுதினதைத் தப்புன்னா, பிடிச்ச முயலுக்கு மூணே காலுங்கற கதையால்ல இருக்கு?"

"சாவியில மூணுன்னு இருந்தா மூணுதாங்க. நாலாவது காலை நீங்க வீட்டுக்குக் கொண்டுபோங்க. அடுத்தவர் வாங்க."

விடைக்குறிப்பை அங்கே எல்லாரும் சாவி என்றே சொன்னார்கள். எந்தப் பூட்டுக்கு என்று எடைமேடைக்காரர் கேட்கவில்லை. பச்சைப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தார்.

ஒன்பது நாள்களுக்குப் பின் கடிதம் வந்தது. 'தங்கள் மகளின் விடைத்தாள் மறுகூட்டலுக்கு உட்படுத்தப்பட்டது. வினா எண் நாற்பத்திரண்டிற்கு வழங்கப்பட்ட பூச்சியம் மீண்டும் கூட்டப்பட்டது. அவ்வாறு கூட்டப்பட்டதில் பூச்சியமே பெறப்பட்டது. மாற்றமில்லை.' உட்படுத்தியவர் யார், கூட்டியவர் யார், பெற்றவர் யார் என்பதை அவ்வாக்கியங்கள் சொல்லவில்லை. செயப்பாட்டுவினையால் அலுவலகங்கள் அடையும் பெரும்பயன் அதுவே. வினை நடந்திருக்கும், செய்தவர் இருக்கமாட்டார்.

அம்மா மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் விரிப்புகளை மடிக்கும் வேலை செய்பவர். கடிதத்தைப் படித்துவிட்டு, "பூஜ்யத்தைக் கூட்டவே ஒன்பது நாளா? நல்லவேளை நம்ம பொண்ணு நூறு வாங்கல. அதைக் கூட்டி முடிக்கறதுக்குள்ள அவளுக்குப் பேரன் பேத்தி பிறந்திருக்கும்" என்றார்.

மகள் சிரித்தாள். அப்போதெல்லாம் அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். "அப்பா, உங்களுக்கு முதல்ல புரியணும். புரிஞ்சாத்தான் அங்க போய்ச் சண்டை போட முடியும்" என்று ஒரு தாளை எடுத்தாள். கோடுகள் வரைந்தாள். ஒன்றின் மேல் ஒன்றாக ஒரே மாதிரியான இரண்டு அலைகள். "ரெண்டும் ஒரே அலைதான்ப்பா. ஒண்ணு கொஞ்சம் மேல நிக்குது. ஏற்றமும் இறக்கமும் எல்லா இடத்திலயும் ஒரே மாதிரி. அவங்க கேட்டது ஏற்ற இறக்கத்தை மட்டும்தான். எவ்வளவு உயரத்துல நிக்குதுன்னு கேள்வியிலயே இல்ல."

அப்பா நெடுநேரம் பார்த்தார். பிறகு, "மழைக்காலத்துல மேடைக்கு அடியில சேறு அடைச்சுக்கும். லாரியே இல்லாம நாப்பது கிலோ காட்டும். நிறைஞ்ச லாரிக்கும் நாப்பது கூட. காலி லாரிக்கும் நாப்பது கூட. கழிச்சா சரக்கோட எடை அதேதான் வரும். ஒரு குண்டுமணி மாறாது. அதானே?" என்றார்.

"அதேதான்ப்பா!" என்று மகள் மேசையைத் தட்டினாள். "எங்க வாத்தியார் மூணு வாரம் நடத்தினாரு. நீங்க மூணு நிமிஷத்துல பிடிச்சுட்டீங்க."

"என்ன பெருமை வேண்டியிருக்கு, சேறு அள்ளுறவனுக்கு" என்றார் அப்பா. ஆனால் அன்று சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் முகம் மலர்ந்தே இருந்தது.

மறுநாள் அவர் மூன்றாம் மாடிக்குப் போனார். அங்கே தொகையீட்டுப் பிரிவு இருந்தது. அதன் கண்காணிப்பாளர் இரும்பு அலமாரியைத் திறந்து, அரக்கு முத்திரை இட்ட உறையிலிருந்து விடைக்குறிப்பை எடுத்தார். கைகளைத் துடைத்துக்கொண்டுதான் எடுத்தார். ஒரே ஒரு தாள். விடைக்குறிப்பு எதுவாயினும் ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது என்பது இயக்ககத்தின் விதி. உலகத்தின் கணிதம் முழுவதும் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிட வேண்டும்; அடங்காதது கணிதமாகாது.

எடைமேடைக்காரர் சேற்றின் உவமையைச் சொன்னார். கண்காணிப்பாளர் ஆர்வத்தோடு கேட்டார். ஒரு குறிப்பும் எழுதிக்கொண்டார். அது எதற்காக என்பது, இரண்டு வாரங்கள் கழித்து, எடையளவுக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலிருந்து 'தங்கள் மேடையில் நாற்பது கிலோ பிழை இருப்பதாகத் தாங்களே ஒப்புக்கொண்டதாகத் தெரியவருகிறது. விளக்கம் தருக' என்ற கடிதம் வந்தபோது விளங்கியது.

"நீங்க சொல்றது உவமை. உவமைக்கு மார்க் கிடையாது" என்றார் கண்காணிப்பாளர்.

"ரெண்டையும் வகையிட்டுப் பார்த்தா தெரிஞ்சுடும்னு பொண்ணு சொல்லுது சார். எங்கிருந்து ஆரம்பிச்சோமோ அங்கேயே வந்து நிக்குமாம். ஒரு தடவை போட்டுப் பாருங்களேன்."

"எங்க போட்டுப் பார்க்கறது? இது தொகையீட்டுப் பிரிவு. வகையிடறது ரெண்டாவது மாடி. நான் இங்க உட்கார்ந்து வகையிட்டேன்னா நாளைக்குத் தணிக்கையில கேட்பாங்க, உங்க வேலை என்ன, நீங்க செஞ்சது என்னன்னு."

ஆகவே கோப்பு இரண்டாம் மாடிக்கு இறங்கியது. ஒரு மாடி இறங்க அதற்கு நான்கு நாள்கள் ஆயின. மேலே எறிந்த கல் கீழே விழ எடுத்துக்கொள்ளும் நேரத்தை அப்பிரிவினரே மாணவர்க்குக் கணக்காகக் கொடுப்பதுண்டு. கோப்புக்கு அவ்வாய்பாடு பொருந்தாது.

வகையீட்டுப் பிரிவில் இருந்த அலுவலர் அம்மையார் இரண்டு விடைகளையும் ஒரு பழைய உறையின் பின்புறத்தில் எழுதி, அரை நிமிடத்தில் இரண்டையும் வகையிட்டு முடித்தார். "ரெண்டும் ஒண்ணுதாங்க. இதுல என்ன சந்தேகம்? பொண்ணு அழகா போட்டிருக்கா. சாவியைவிட இதுதான் சின்ன வழி" என்றார்.

இரண்டு வாரங்களாக அக்கட்டடத்தில் ஒருவர்கூட 'ஒண்ணுதான்' என்ற அச்சொல்லைச் சொல்லவில்லை. எடைமேடைக்காரருக்குக் கண்கள் கலங்கின. "இதை எழுதிக் குடுப்பீங்களாம்மா?"

"தாராளமா. ஆனா முத்திரை வேற ஒருத்தர்கிட்ட இருக்கு. அவர் வியாழக்கிழமை வருவார்."

வியாழக்கிழமை வந்தார். சான்றிதழ் மூன்றாம் மாடிக்கு ஏறியது. கண்காணிப்பாளர் அதை இருமுறை படித்தார். "ரெண்டையும் வகையிட்டா ஒரே விடை வருதுன்னு இருக்கு. சரி. ரெண்டும் ஒண்ணுன்னு இதுல எங்க இருக்கு? ரெண்டு பேருக்கு ஒரே அப்பான்னா, ரெண்டு பேரும் ஒரே ஆள் ஆயிடுவாங்களா?"

"ஒரே ஆள் ஆக மாட்டாங்க சார். ஆனா வீட்டுக்கு வந்தா ரெண்டு பேருக்கும் கதவைத் திறப்பாங்கல்ல?"

கண்காணிப்பாளர் மனம் இல்லாதவர் அல்லர். சான்றிதழைக் கோப்பில் வைத்துக் கட்டினார். "நீங்க பேசறது நியாயமாத்தான் இருக்கு. அதனாலதான் பயமா இருக்கு. நியாயத்துக்கு இங்க அதிகாரம் கிடையாதுங்க. விசாரணைக் குழுவுக்கு அனுப்பி வைக்கிறேன். பொண்ணையும் கூட்டிட்டு வாங்க" என்றார்.

விசாரணை இருபத்தாறாம் தேதி. இடப்பட்டியல் மூடுவதற்கு நான்கு நாள்கள் இருந்தன.

மகள் பள்ளிச் சீருடையின் காலணிகளையே துடைத்துப் போட்டுக்கொண்டு வந்தாள். கையில் எட்டுப் பக்கக் குறிப்பு. இரண்டு விடைகளும் ஒன்றே என்பதை மூன்று வழிகளில் நிறுவியிருந்தாள். மூன்றாவது வழியை அன்று காலைதான் கண்டுபிடித்தாள். பேருந்தில் அதைச் சொல்லும்போது அவள் குரல் சற்று உயர்ந்தே இருந்தது. முன்னிருக்கையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

குழு மூவர் கொண்டது. தலைவர் இணை இயக்குநர். அடுத்தவர் கணித வல்லுநர், ஒரு கல்லூரியின் பேராசிரியர். அவ்வாண்டு வினாத்தாளையும் விடைக்குறிப்பையும் உருவாக்கியவர் அவரே என்று இணை இயக்குநர் அறிமுகப்படுத்தினார். மூன்றாமவர் விடுப்பில் இருந்தார். அவருடைய நாற்காலி வந்திருந்தது. குழுவின் நிறைவெண்ணுக்கு அது போதுமானதாகக் கொள்ளப்பட்டது.

இணை இயக்குநர் முதலில் ஓர் உரை நிகழ்த்தினார்.

"இந்த இயக்ககத்துக்கு மாணவர்கள்மேல எந்த விரோதமும் கிடையாது. அவங்க இல்லன்னா நமக்கு வேலையே இல்ல. ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கணும். ஆறு லட்சம் பேர் எழுதறாங்க. ஒவ்வொருத்தரும் யோசிச்சு எழுத ஆரம்பிச்சா, திருத்தறவங்களும் யோசிக்க வேண்டியிருக்கும். ஒரு தாளுக்கு எட்டு நிமிஷம்தான் ஒதுக்கியிருக்கோம். யோசனைக்குன்னு அதுல தனியா நேரம் இல்ல. அதனாலதான் சாவி. சாவியோட நோக்கம் என்ன? திருத்தறவருக்குக் கணக்குத் தெரிஞ்சிருக்கணும்கற அவசியத்தை நீக்கறது. அந்த நிலையை அடையறதுக்கு நாங்க பதினஞ்சு வருஷம் பாடுபட்டிருக்கோம். உண்மை நாலு விதமா இருக்கலாம்மா. மார்க் ஒரு விதமாத்தான் இருக்க முடியும்."

பிறகு மகளின் பக்கம் திரும்பினார். குரலில் கனிவு இருந்தது. "உன் விடையோட கடைசியில ஒரு மாறிலி போட்டிருக்கியே. அதோட மதிப்பு என்னம்மா?"

"எந்த மதிப்பு வேணும்னாலும் இருக்கலாம் சார்."

"அதாவது, என்னன்னு உனக்குத் தெரியாது."

"தெரியாதுன்னு இல்ல சார், அது குறிப்பிட்ட ஒரு…"

"தெரியுமா, தெரியாதா? ஒரே வார்த்தை."

மகள் அப்பாவைப் பார்த்தாள். "…தெரியாது சார்."

"எழுதிக்கோங்க" என்றார் இணை இயக்குநர், குறிப்பெழுதுபவரிடம். "தம் விடையின் ஒரு பகுதி இன்னதென்று தேர்வர் அறியார்."

எடைமேடைக்காரர் பொறுக்கமாட்டாமல் எழுந்தார். "சார், உங்க சாவியிலயும் கடைசியில அதே மாறிலி இருக்கே. அதோட மதிப்பு என்ன சார்?"

"அது அலுவலக மாறிலி. அதோட மதிப்பை வெளியில சொல்ல முடியாது. உட்காருங்க."

அவர் உட்கார்ந்தார். மகள் எட்டுப் பக்கக் குறிப்பை விரித்து, இரண்டு விடைகளையும் வகையிட்டுக் காட்டத் தொடங்கினாள். வகையீடு பற்றிய சான்று ஏற்கெனவே கோப்பில் நிராகரிக்கப்பட்டிருப்பதால் அதை மீண்டும் எழுப்பக்கூடாது என்றார்கள். இரண்டாவது வழியாக வாய்பாட்டைப் பயன்படுத்தினாள். சைன் இருபடியின் பாதியை மாற்றி எழுதினால், சாவியில் உள்ளதோடு நான்கில் ஒன்று கூடியிருக்கும் என்று காட்டினாள்.

"நில்லு" என்றார் இணை இயக்குநர். "என்ன கூடியிருக்கும்?"

"நான்கில் ஒண்ணு சார்."

"அப்போ வித்தியாசம் இருக்கு."

"இருக்கு சார், ஆனா அது எல்லா இடத்திலயும் ஒரே…"

"எல்லா இடத்திலயும் இருக்கு. எழுதிக்கோங்க. தம் விடை விடைக்குறிப்பினின்றும் எல்லா இடங்களிலும் வேறுபடுவதைத் தேர்வரே ஒப்புக்கொண்டார்." பின்பு பெருந்தன்மையோடு நாற்காலியில் சாய்ந்தார். "பாரும்மா, எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா. உதவணும்னுதான் நினைக்கிறேன். நான்கில் ஒண்ணுதானே தப்பு. அஞ்சு மார்க்ல நான்கில் ஒண்ணைக் கழிச்சுக்கிட்டு மீதியைக் குடுத்துடலாமான்னுகூட யோசிச்சேன். ஆனா விதிப்படி பின்ன மார்க் போடக்கூடாது. கழிக்க முடியாத காரணத்தால குடுக்கவும் முடியல."

மகள் அப்போதுதான் வல்லுநரை நேராகப் பார்த்தாள். அந்த அறையில் கணிதம் தெரிந்தவர் அவர் ஒருவரே என்பதை அவள் உணர்ந்திருந்தாள். நாற்காலிக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

"வல்லுநர் என்ன சொல்றீங்க?" என்றார் இணை இயக்குநர்.

வல்லுநர் கண்ணாடியைக் கழற்றினார். மகளுடைய தாளைப் பார்த்தார். மூன்று வரிகளைப் படிக்க அவர் எடுத்துக்கொண்ட நேரம் மிகுதி; அவருடைய மாணவன் ஒருவன் அவ்வளவு நேரம் எடுத்திருந்தால் அவர் கடிந்திருப்பார். கண்ணாடியை மீண்டும் அணிந்தார்.

"விடைக்குறிப்பில் இந்த வடிவம் இல்லை" என்றார்.

"கேட்டியாம்மா? உறுதியா சொல்லு. இப்பவும் உன் விடை சரின்னுதான் நினைக்கிறியா?" என்றார் இணை இயக்குநர்.

அவள் வாய் திறந்தாள். எட்டுப் பக்கங்களையும் ஒருமுறை பார்த்தாள். "தெரியல சார்" என்றாள்.

அதையும் எழுதிக்கொண்டார்கள்.

வெளியே தாழ்வாரத்தில் அவர்கள் மாடிப்படியை நோக்கி நடந்தபோது, வல்லுநர் பின்னாலிருந்து வேகமாக வந்தார். சுற்றிலும் பார்த்துவிட்டு எடைமேடைக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க பொண்ணு எழுதினது சரி. நூத்துக்கு நூறு சரி. நான் குடுத்த சாவியில, 'அல்லது இதற்கு நிகரான வேறு வடிவம்'னு ஒரு வரி இருந்துச்சு. ஒரு பக்கத்துக்குள்ள அடங்கலைன்னு அந்தக் கடைசி வரியை எடுத்துட்டாங்க."

"இதை உள்ள சொல்லியிருக்கலாமே சார்."

வல்லுநர் தரையைப் பார்த்தார். "அடுத்த வருஷச் சாவியும் நான்தான் எழுதணும். மூத்தவனுக்கு இன்னும் வேலை அமையல."

"உங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சா சார்?" என்று மகள் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. ஒரு கணக்கின் அடுத்த அடியைக் கேட்பதுபோலக் கேட்டாள்.

"பார்த்தவுடனே தெரிஞ்சுதும்மா" என்றார் அவர். பிறகு வந்த வேகத்திலேயே திரும்பிப் போனார்.

பேருந்தில் மகள் எட்டுப் பக்கங்களையும் நான்காக மடித்துப் பைக்குள் திணித்தாள். அப்பா, "அந்த மூணாவது வழின்னு காலையில என்னவோ சொன்னியே, அதைச் சொல்லேன்" என்றார். "மறந்துடுச்சுப்பா" என்றாள். அவளுக்கு மறதி கிடையாது என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

முப்பதாம் தேதி பட்டியல் மூடப்பட்டது. முப்பதாவது இடம் தொண்ணூற்றைந்து வாங்கிய ஒரு பிள்ளைக்குக் கிடைத்தது. அப்பிள்ளையின்மேல் எந்தக் குற்றமும் இல்லை. சாவியில் இருந்ததுபோல எழுதியிருக்கும். அன்று எடைமேடைக்காரர் விடுப்பு எடுக்கவில்லை. நாற்பத்தொரு லாரிகளுக்கு எடை பார்த்தார். ஒன்றிலும் பிழை இல்லை.

பதினோரு நாள்கள் கழித்து இயக்ககத்தின் ஆணை பதிவஞ்சலில் எடைச்சாவடிக்கே வந்து சேர்ந்தது. இரண்டு லாரிகளுக்கு இடையே அதைப் பிரித்துப் படித்தார்.

'வினா எண் நாற்பத்திரண்டு தொடர்பாக எழுப்பப்பட்ட ஐயப்பாடு உயர்மட்டக் குழுவால் ஆய்வு செய்யப்பட்டது. தேர்வர் எழுதிய விடையும் விடைக்குறிப்பிலுள்ள விடையும் சமம் என முடிவு செய்யப்பட்டுள்ளது. இச்சமத்தன்மை எதிர்வரும் கல்வியாண்டின் முதல் நாள்முதல் நடைமுறைக்கு வரும். அந்நாளுக்கு முன்னர் இவ்விரு விடைகளும் சமமாக இருந்ததாகக் கருத இயலாது. எனவே நடப்பாண்டுத் தேர்வரின் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. கணித வளர்ச்சிக்குப் பங்களித்தமைக்காகத் தேர்வரை இயக்ககம் பாராட்டுகிறது. இவ்வாணை மேற்படி ஒரு வினாவுக்கு மட்டுமே பொருந்தும்.'

பின்னால் லாரி ஒலிப்பானை அழுத்தியது. அவர் இரண்டாம் முறை படித்தார். மூன்றாம் முறை படித்தபோது 'சமம்' என்ற சொல்லை மட்டும் படித்தார். ஓட்டுநர் இறங்கி வந்து, "என்ன அண்ணே, தூங்கிட்டீங்களா?" என்றார். "இல்ல தம்பி. என் பொண்ணு எழுதினது சரியாம். எழுதியே குடுத்துட்டாங்க" என்றார் எடைமேடைக்காரர். "அடேங்கப்பா, அப்போ சீட்டு கிடைச்சுடுச்சா?" என்று ஓட்டுநர் கேட்டார். அவர் லாரியின் எடையைக் குறித்துக் கொடுத்தார்.

மாலையில் வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசலிலேயே, "சத்தம் போடாதீங்க, படிக்கறா. மதியத்திலேருந்து எழுந்திருக்கல" என்றார். மகள் மேம்பாட்டுத் தேர்வுக்குப் பதிவு செய்திருந்தாள். அடுத்த ஆண்டு மீண்டும் கணிதம் எழுதி, மீண்டும் அந்த முப்பது இடங்களுக்கு முயலலாம். அம்மாவின் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. "இப்பல்லாம் முன்ன மாதிரி தாளைத் தாளாக் கிறுக்கறதில்ல. ஒரே ஒழுங்கா எழுதறா."

மகளின் முன்னே மேசையில் ஒரு தடித்த வினா-விடைக் கையேடு இருந்தது. விடைகள் பின்பக்கங்களில் இருந்தன. அப்பா ஆணையை நீட்டினார். அவள் அதைக் கடைசி வரிவரை படித்தாள். மடித்து அவரிடமே கொடுத்தாள்.

"நல்லதுப்பா."

"இனிமே நீ உன் வழியிலயே எழுதலாம்மா. அவங்களே ஒத்துக்கிட்டாங்க."

"அந்த ஒரு கேள்விக்கு மட்டும்தான்ப்பா" என்றாள். பேனாவை எடுத்துக்கொண்டு குனிந்தாள்.

அப்பா போகவில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் ஒரு புதிய கணக்கைத் தொடங்கினாள். டேன், சீக்கன்ட் இருபடி என்று ஏதோ இருந்தது. அவருக்கு அக்குறிகள் புரியாவிட்டாலும் அவள் கை ஓடும் வேகம் புரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று வரிகள். முடித்து, கூட்டல் மாறிலி போட்டு, அடிக்கோடு இட்டாள். பிறகு கையேட்டின் பின்பக்கத்தைப் புரட்டினாள். டேனின் இருபடியில் பாதி என்று அவள் எழுதியிருந்தாள். அங்கே சீக்கன்டின் இருபடியில் பாதி என்று அச்சிட்டிருந்தது. இரண்டுக்கும் இடையேயுள்ள வேறுபாடு எப்போதும், எங்கும், சரியாக இரண்டில் ஒன்று. அதைக் காண அவளுக்கு ஒரு நொடி போதும். அந்த நொடி அவள் முகத்தில் வந்து போனதை அப்பா பார்த்தார்.

அவள் தன்னுடைய மூன்று வரிகளின் மேலும், மூலையிலிருந்து மூலைக்கு, அளவுகோல் வைத்து ஒரு கோடு இழுத்தாள். கீழே, அச்சில் இருந்ததைப் பார்த்து, அழகான கையெழுத்தில் எழுதத் தொடங்கினாள்.

"அது தப்பாம்மா?" என்று அப்பா மெல்லக் கேட்டார்.

"தப்பில்லப்பா" என்றாள் அவள், தலை நிமிராமல். "பின்னாடி இருக்கற மாதிரி இல்ல."